காலி பஸ்ஸும் கனகம்மா வீட்டு வியாக்கியானமும்

செத்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒரு பாதிரியாரை வைத்துக்கொண்டு, தண்டலம் நிறுத்தத்துக்கு வந்த கம்பெனி பஸ்ஸை ஓர் ஆள்கூட ஏறாமல் காலியாகத் திருப்பி அனுப்பியவன் நான். பெயர் கன்னியப்பன். ஊர் வடக்குப்பட்டு. ஓய்வு பெற்ற குவாலிட்டி இன்ஸ்பெக்டர்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு, பஸ் காலியாகப் போனால் என்ன என்பார்கள். அவர்களுக்குக் கம்பெனி பஸ் என்றால் என்னவென்று தெரியாது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும், பூமி இரண்டாகப் பிளந்தாலும் பிளந்த இடத்தைத் தாண்டிக் குதித்து அந்தப் பஸ்ஸைப் பிடிப்பார்கள் எங்கள் ஆட்கள். விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. தாலியில் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, மீதி இரண்டையும் அக்காளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்து ஏறிய மாப்பிள்ளையை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் மஞ்சள்கூடக் காயவில்லை.

என் மனைவி பாப்பம்மாள், நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துத்தான் காதில் வாங்குவாள். என் நண்பன் பராசரன் வகுப்பதில்லை. சைபரால் பெருக்கிவிடுவான்.

பராசரன் ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருக்காரன். பெருமாள் சந்நிதியில் பாசுரங்களுக்கு வியாக்கியானம் வாசிக்கிற குடும்பம். அவன் மட்டும் பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். ஆனால் வீட்டில் இன்றைக்கும் ஒரு வரிக்கு ஒன்பது அர்த்தம் சொல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதனால் வாடா போடாதான். எனக்குக் கோபம் வந்தால் மட்டும் 'சாமி' என்று கூப்பிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு சின்ன சபை கூடும். சுற்றியிருக்கிற கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள்தான் எல்லாரும். அவர்களுக்குத் தனியாகப் போதகர் கிடையாது. என் வீட்டில் குடியிருக்கிற ஏசுவடியான்தான் பிரசங்கம் செய்வார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாரம் ஆறு நாள் லைன் சூப்பர்வைசர், ஏழாம் நாள் பிரசங்கியார். தங்கமான மனிதர். ஆனால் கைவசம் மூன்றே பிரசங்கங்கள். நோவாவின் பேழை, சிங்கக் குகை, காணாமல் போன ஆடு. அந்த ஆடு என் மாடியில் இதுவரை முந்நூறு தடவை காணாமல் போயிருக்கிறது. இன்னொரு தடவை காணாமல் போனால் நானே போலீசில் புகார் கொடுத்திருப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, தைரியம் வந்து அவர் புதிதாக ஒன்றை எடுத்தார். திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் எடுத்த எஜமானின் கதை. விடியற்காலையில் சிலரை வேலைக்கு எடுத்தான். பிறகும் போய்ப் போய்ச் சிலரை எடுத்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கும் சந்தையில் நின்றவர்களைக் கூட்டி வந்தான். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுத்தான். இவ்வளவுதான் கதை. கீழே ஈசிசேரில் படுத்திருந்த நான்கூட எழுந்து மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன்.

மேலே பிரசன்னா எழுந்து நின்றான். ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற பையன், வாய் கொஞ்சம் நீளம்.

"பிரதர், காலைல இருந்து வெயில்ல காஞ்சவனுக்கும் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலியா? அப்ப எவன் ஏஞ்சி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வருவான்? இது இன்னா நியாயம்?"

ஏசுவடியான் வேதாகமத்தைப் புரட்டினார், தொண்டையைச் செருமினார், கடைசியில், "அடுத்த பாட்டைப் பாடுவோம்" என்றார்.

பாடினார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பாதி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தவர்களும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். மனிதர் இளைத்துப் போனார். மாடிப்படி ஏறும்போது படிகளுக்கே அவர் வந்தது தெரியாத அளவுக்கு இளைத்துப் போனார்.

"எனக்கே வெளங்காதத நான் எப்பிடி அண்ணாச்சி அவனுவளுக்கு வெளக்க முடியும்? இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தப் பயலுக்குப் பதில் சொல்லலைன்னா நான் பிரசங்கமே பண்ண மாட்டேன்" என்றார் என்னிடம்.

அந்தச் சமயத்தில்தான் தண்டலத்தில் கனகம்மா வீட்டில் பழைய வேதாகம வியாக்கியானங்கள் விலைக்கு இருக்கின்றன என்று செய்தி வந்தது. அந்த அம்மாவின் மாமனார் அந்தக் காலத்துப் போதகர். அவர் வைத்திருந்த புத்தகங்கள். தமிழில் அச்சடித்தவை. எழுதியவர் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். மொழி சொல்லிக்கொடுக்க ஒரு தமிழ் முன்ஷியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க எழுதியிருக்கிறார். கனகம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போகிறார். சனிக்கிழமை சாயங்காலம் சாமான் ஏற்ற லாரி வருகிறது. அதற்குள் யாராவது வாங்கிக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் பழைய பேப்பர்க்காரனுக்கு.

ஏசுவடியான் சபையில் கேட்டார். சபை இரண்டாகப் பிரிந்தது. உண்டியலில் இருப்பதற்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கலாம் என்றது பிரசன்னா கட்சி. "பிரதர், அந்தக் காலத்துத் தமிழ எவன் கேப்பான்? நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவன் தூங்கிடுவான். ஸ்பீக்கர் இருந்தா முழிச்சிக்கினாவது இருப்பான்." புத்தகம் வேண்டும் என்ற கட்சிக்கும் ஏசுவடியான் புத்தகம் என்றால் எதையும் வாங்கிவிடுவார் என்ற பயம் இருந்தது.

எல்லாரும் கம்பெனிப் பிள்ளைகள். கம்பெனியில் வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒத்துப் போகாவிட்டால் என்ன செய்வார்களோ அதையே முடிவு செய்தார்கள். மூன்றாம் தரப்பு ஆய்வு. சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் பார்க்க வேண்டும். சரக்கு நல்லது, கேட்கிறவனும் தூங்கமாட்டான் என்று இரண்டு பேரும் சொன்னால் வாங்கலாம். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் ஸ்பீக்கர்.

ஒருவன் நான். ஜப்பான்காரனே என் முன்னால் பார்ட்டை நீட்டுமுன் இரண்டு தரம் துடைத்துக்கொள்வான். இன்னொருவன் யார் என்றபோது நான்தான் பராசரனைச் சொன்னேன். வியாக்கியானம் என்றால் அவன் வீட்டுச் சரக்கு. எந்த வேதமானால் என்ன.

"எனக்கு பைபிள்ல ஒண்ணும் தெரியாதேடா" என்றான்.

"தெரிஞ்சா நீ எப்பிடிடா மூணாவது தரப்பு?" என்றேன்.

சனிக்கிழமை பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, என் டிவிஎஸ்ஸில் நானும் ஏசுவடியானும், ஷேர் ஆட்டோவில் பராசரனும் போய்ச் சேர்ந்தோம். கனகம்மா வீட்டுக் கூடத்தில் தகரப் பெட்டிகள் திறந்து கிடந்தன. பதினெட்டுத் தொகுதிகள். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டி கனம். திறந்ததும் வந்த வாசனையில் எனக்கு ஒரு நிமிடம் என் வயது குறைந்து மறுபடி கூடியது.

நான் வேலையைத் தொடங்கினேன். சப்ளையர் மேலே அடுக்கி வைத்ததை எந்த இன்ஸ்பெக்டரும் தொடமாட்டான். நல்லதெல்லாம் மேலேதான் இருக்கும். அடியில் கை விட்டேன், நடுவில் கை விட்டேன், மூலையில் கை விட்டேன். பூதக்கண்ணாடி போட்டு அச்சைப் பார்த்தேன். பைண்டிங்கை இழுத்துப் பார்த்தேன். பிறகு வெர்னியர் காலிப்பரை எடுத்து முதுகின் கனத்தை அளந்தேன்.

பராசரன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். "கருத்து எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?"

"அளந்துக்கினு கீறேன், இரு."

"வியாக்கியானத்தை அளக்கற இடமே வேறடா. மூலம் சுலபமா இருக்கற இடத்துல எவன் வேணா எழுதுவான். மூலம் கஷ்டமா இருக்கற இடத்துல என்ன பண்றான்னு பாக்கணும். நழுவறானா, நிக்கறானான்னு."

"நீ அத பாரு. நான் பூச்சி பாக்கறேன்."

பூச்சியும் இருந்தது. ராமபாணம் என்று பெயர் வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தின்றுகொண்டிருந்தது. சில தொகுதிகள் தொடாத சீதனப் பாத்திரம் மாதிரி பளபளத்தன. அவற்றுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். மூன்று தொகுதிகள் படுமோசம். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் கறுத்து, ஒன்றில் குழம்புக் கறைகூட இருந்தது. அவற்றுக்குச் சிவப்பு. ஓய்வு பெறும்போது கம்பெனியில் எனக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள். நானாக எடுத்துக்கொண்டு வந்தது ஒரு ரோல் பச்சை, ஒரு ரோல் சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பில் கையெழுத்தும் போட்டு, முறைப்படி அந்த மூன்றையும் தனியாக வாசலோரம் கொண்டுபோய் வைத்தேன். ரிஜெக்ட் ஆனதை நல்லதோடு சேர்த்து வைக்கக் கூடாது. அது சட்டம்.

இதைத் தவறு என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதை ஆய்வின் முதல் கட்டம் என்கிறேன்.

உள்ளே பராசரன் ஏசுவடியானிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "உங்க வேதத்துல உங்களுக்கு வேர்த்துக் கொட்டற இடம் எது, சொல்லுங்கோ. அதுக்கு இவர் என்ன எழுதியிருக்கார்னு பாத்துடுவோம்."

"திராட்சைத் தோட்டம்தான் சார். மத்தேயு."

மத்தேயுவைத் தேடினோம். மாற்கு இருந்தது. லூக்கா இருந்தது. யோவான் இருந்தது. மத்தேயு இல்லை. பெட்டிகளைக் கவிழ்த்தோம். கனகம்மா சமையலறையிலிருந்து வந்தார்.

"மத்தேயுவா? மாமா எப்பவும் அதத்தானே மடியில வெச்சிக்கினு இருப்பாரு. சாப்புடும்போதுகூட. ஓரமெல்லாம் கறுத்துப் போய், கொழம்பு கொட்டி..."

நான் வாசலைப் பார்த்தேன். வாசல் சுத்தமாக இருந்தது.

"இங்க மூணு புக்கு இருந்துதே, எங்கம்மா?"

"எழிலரசன் வந்துட்டுப் போனான்ணே. பழைய பேப்பர் எடுக்கற புள்ள. பேப்பர் கட்டோட அதையும் தூக்கினு போனான். நீங்க சொல்லித்தான் வெச்சீங்கன்னு நெனச்சேன்."

ஏசுவடியான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "பதினெட்டுல பதினஞ்சு இருக்கு அண்ணாச்சி. எனக்கு வேண்டியதத்தான் தூக்கிக் குடுத்துட்டியளே."

"ஏந்திரிங்க" என்றேன்.

டிவிஎஸ்ஸில் இரண்டு பேருக்குத்தான் இடம். பராசரன் மற்ற புத்தகங்களுக்குக் காவல் இருப்பதாகச் சொன்னான். ஏசுவடியானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெங்களூர் சாலையில் நான் விட்ட வேகத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் இன்னும் பேச்சிருக்கிறது. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டன. அவை சிக்னலில் நின்றுகொண்டிருந்தன என்பான் பராசரன். அவன்தான் அங்கே இல்லையே, அவனுக்கு எப்படித் தெரியும்?

எழிலரசனின் மூன்று சக்கர வண்டி தண்டலம் பஸ் நிறுத்தத்தில், டீக்கடை ஓரமாக நின்றது. அவன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். பஜ்ஜி இருந்த காகிதத்தில் பழைய காலத்து எழுத்து.

"டேய், அது இன்னாடா கையில?"

"வாழக்கா பஜ்ஜி. துன்றியா பெருசு?"

"காயிதத்தக் கேட்டேன்டா. அந்தப் புக்க எதுக்கு எடுத்தே?"

"செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வாசல்ல வெச்சா அது ஸ்கிராப்பு. நானு எத்தினி வருசமா கம்பெனிங்கள்ல எடுத்துக்கினு கீறேன். யாரையும் கேட்டதில்ல. கேட்டா திட்டுவாங்க, டேக் கண்ணு தெரிலயான்னு. நீதான ஒட்டுன? உன் கையெழுத்து வேற கீது."

என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. மூன்று தொகுதிகளையும் வண்டியிலிருந்து எடுத்தோம். மத்தேயுவில் முன்னுரை மட்டும் பஜ்ஜியோடு போய்விட்டது. முன்னுரையை யாரும் படிப்பதில்லை; நஷ்டம் என்று சொல்ல முடியாது.

ஏசுவடியான் பக்கங்களைப் புரட்டினார். திராட்சைத் தோட்டம் இருந்தது, முழுசாக. நின்ற இடத்திலேயே உதடு அசையப் படிக்க ஆரம்பித்தார்.

இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் சேரும் நேரம். நிறுத்தத்தில் யூனிபாரம் போட்ட கூட்டம். அதில் பிரசன்னாவும் இருந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே வந்தான்.

"இன்னா பிரதர், பஜ்ஜிக் கடையில பைபிள் ஸ்டடியா? பதில் கெடைச்சிதா, இல்ல அடுத்த பாட்டுதானா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஏசுவடியான் தலை நிமிரவில்லை. ஆனால் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. அந்தச் சிவப்பில் டீயே சுடவைத்திருக்கலாம். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

"விடிந்தது முதல் உழைத்தவன் முறுமுறுக்கிறது நியாயமே. அவனைப் பேராசைக்காரன் என்று தள்ளிவிடுகிற போதகர்கள் ஒரு நாளாவது வெயிலில் மண்வெட்டி பிடித்தவர்களல்ல. நானும் பிடித்தவனல்ல. ஆகையால் அவனை முதலாவது பேசவிடுகிறேன்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பாதிரியார் சொன்னபடியே அவனைப் பேச விட்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்க அந்த உழைத்தவன் பேசினான். வெயில், முதுகு வலி, காலையில் எழுந்த கஷ்டம், பக்கத்தில் புதிதாக வந்து நின்று அதே கூலியை வாங்கிக்கொண்டு போகிறவனின் சிரிப்பு. பிரசன்னா கேட்டதைவிடப் பத்து மடங்கு காரமாகக் கேட்டான்.

"அட, என்னோட கேள்விய எனக்கு முன்னாடியே கேட்டுக்கிறாருபா" என்றான் பிரசன்னா. "பதில் இன்னா சொல்றாரு? அத படி பிரதர்."

அதற்குள் பத்து இருபது பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். பின்னால் நின்ற ஒரு பெண், "சத்தமா படிங்கண்ணா, லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றாள். ஏசுவடியானை டீக்கடை பெஞ்சு மேல் ஏற்றிவிட்டேன்.

"ஆனாலும் ஐந்து மணிக்கு வந்தவன் அதுவரைக்கும் நிழலில் படுத்திருந்தான் என்று எழுதப்படவில்லை. அவன் சந்தைவெளியில் நின்றான். வேலையுள்ளவனுக்குப் பாரம் தோளில் மாத்திரம். வேலையின்றி நிற்கிறவனுக்கோ, வீட்டில் அடுப்பு எரியுமோ எரியாதோ என்கிற பாரம் நெஞ்சில். நிற்கிறதும் வேலையே. அந்த வேலைக்குக் கூலி கொடுக்கிற எஜமான் அதுவரைக்கும் ஒருவனும் இல்லாதிருந்தான்."

டீக்கடைக்காரர் ஆற்றின டீ மேல்டம்ளரிலிருந்து கீழே இறங்காமல் அந்தரத்தில் நின்றது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றது.

முதலில் பேசியது அந்தப் பெண்தான். "காண்ட்ராக்ட் முடிஞ்சி நாலு மாசம் கம்பெனி கேட்டாண்ட நின்னேன். தெனிக்கும் குளிச்சி, சாப்பாடு கட்டிக்கினு போவேன். இன்னிக்கி ஆள் எடுப்பாங்கன்னு. எவன் கூலி குடுத்தான்?"

"அதுக்கு நான் இன்னாம்மா பண்ணட்டும்?" என்றார் பர்மனென்ட் ஆள் ஒருவர். "நானு ஒர்க் பண்றேன், எனக்கு சேத்துக் குடு. நின்னவங்களுக்கும் குடு, வேணாங்கல."

"அதானே அவன் கேட்டது, அந்த முறுமுறுத்தவன். நீதான்யா அது."

"பேசினதுல அவனுக்குக் கம்மி பண்ணலையே முதலாளி. பேசின கூலியத்தான குடுத்தாரு."

"எங்க கம்பெனில பேசினதே குடுக்கல, அதுக்கு இன்னா சொல்றாரு உங்க சாமியாரு? பாருங்க, அங்க எழுதிக்கிறாரா?"

ஆளுக்கு ஆள் கேட்டார்கள். ஏசுவடியான் வரிகளில் விரல் வைத்துத் தேடித் தேடிப் படித்தார். மூன்று பிரசங்கக்காரர் முகமா அது? கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை எழுத்தை விட்டு எடுக்காமல், நடுநடுவே தானாகவும் பேசினார். "நாம எல்லாரும் ஏதோ ஒரு கேட்டுல நின்னவங்கதான்" என்றார். அது புத்தகத்தில் இல்லை.

பிரசன்னா மெதுவாகச் சொன்னான். "நானும் நின்னுகீறேன் பிரதர். ஒரகடத்துல. மழையில."

அப்போதுதான் பஸ் வந்தது.

வெள்ளை பஸ். தண்டலத்தில் மட்டும்தான் ஆள் ஏற்றும். வந்து நின்றது. கதவு திறந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் திரும்பிப் பார்த்தேன்; நான் ஒருவன்தான் திரும்பிப் பார்த்தேன். பர்மனென்ட் ஆளும் அந்தப் பெண்ணும் ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். டிரைவர் இன்னொரு முறை அடித்தார். எட்டிப் பார்த்தார். பெஞ்சு மேல் நின்று கத்துகிற ஓர் ஆளையும் சுற்றிக் கொதிக்கிற கூட்டத்தையும் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, கதவை மூடிக்கொண்டு வேகமாகக் கிளப்பிவிட்டார். ஜன்னல் ஜன்னலாக என்னைத் தாண்டிப் போனது. ஒரு சீட்டில்கூட ஒரு தலை இல்லை.

ஏசுவடியான் கடைசி வரியைப் படித்தார். "இதன் மிச்சம் எனக்கு விளங்கவில்லை. விளங்கினவர்கள் எனக்கு எழுதுவார்களாக."

"அட்ரஸ் குடுத்துக்கிறாரா?" என்று ஒருவன் உண்மையாகவே கேட்டான். அந்த வெள்ளைக்காரப் பாதிரியார் செத்து நூறு வருஷம் ஆச்சு என்றேன். அதற்குப் பிறகுதான் யாரோ ரோட்டைப் பார்த்தார்கள். பிறகு நடந்த ஓட்டத்தில் தண்டலத்தில் ஒரு ஷேர் ஆட்டோகூட மிஞ்சவில்லை.

கனகம்மா வீட்டுக்குத் திரும்பினோம். மத்தேயுவை வாங்கிப் பராசரன் வெயில் சாயும் வரை படித்தான். படிக்கப் படிக்க அவன் தலை தானாக ஆடியது. அவர்கள் வீட்டில் நல்ல பதம் வந்தால் அப்படி ஆடும்.

"எதிர்க்கட்சியை எவ்வளவு பலமா வெச்சிருக்கார் பாரு. எங்காத்துலயும் இப்படித்தான். எதிராளி வாதத்தை முழுசா நிக்க வெச்சுட்டுத்தான் பதில் சொல்லுவா. அப்பறம், தெரியாததைத் தெரியலைன்னு எழுதியிருக்கார். அது பெரியவா லட்சணம். சரக்கு நல்ல சரக்கு. அதுல சந்தேகமில்லை."

"அப்ப சரின்னு சொல்லிடு. இவரு வாங்கட்டும்."

"சரக்கு நல்லதான்னு மட்டுமா கேட்டா? இந்தத் தமிழை இந்தக் காலத்துப் பசங்க உக்காந்து கேப்பாளான்னும் கேட்டிருக்கா. அதுக்கு நான் எப்படித் தலையாட்டறது?"

"கேட்டாங்கடா. கம்பெனி பஸ்ஸே காலியா போச்சு."

பராசரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் நான் புலியை உதைத்தேன் என்று சொன்னபோது பார்த்த அதே பார்வை. "பஸ்ஸுக்கு நின்னவா பொழுது போகக் கேட்டிருப்பா. பஸ் வந்ததும் ஓடியிருப்பா. பஸ்ஸை விட்டாளான்னா அது வேற விஷயம். அப்படி விட்டிருந்தா, இன்னிக்கே இதை வாங்கலாம்னு நான் கையடிச்சுச் சொல்லுவேன். ஆனா சொல்றது நீயாச்சே."

"சாமி, இவர கேளு. இவரும் இருந்தாரு."

நானும் பராசரனும் ஏசுவடியானைப் பார்த்தோம். அவர் நெளிந்தார்.

"நான் பஸ்ஸப் பாக்கலியே அண்ணாச்சி. கண்ணு பூரா எழுத்துல இருந்துது. ஹாரன் சத்தம் கேட்ட மாதிரி இருந்துது. அது லாரியோ என்னவோ."

"யோவ், ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுய்யா. உன் புக்குதான்யா போவுது."

"பாக்காதத பாத்தேன்னு சொல்லப்படாது அண்ணாச்சி. அது பத்துக் கட்டளையிலயே இருக்கு."

பிரசன்னாவுக்குப் போன் போட்டேன். அணைந்திருந்தது. உள்ளே போகும்போது போனை கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். எழிலரசன் எந்தப் பக்கம் போனானோ. உலகத்திலேயே முதல் தடவையாக நான் ஓர் உண்மையைச் சொல்லி, அதற்குச் சாட்சி இல்லாமல் நின்றேன்.

தெருமுனையில் லாரி திரும்பியது. கனகம்மா வாசலுக்கு வந்து, எங்களையும் பெட்டிகளையும் பார்த்தார். "முடிவு பண்ணிட்டீங்களாண்ணே? இல்லன்னா அந்தப் புள்ளைய வரச் சொல்லிடறேன். மாமா புக்கு. யாருனா படிக்கறவங்ககிட்ட போனா நல்லாருக்கும்னு பாத்தேன்."

ஏசுவடியான் மத்தேயுவைக் கையில் எடுத்து, என் சிவப்பு ஸ்டிக்கரைக் கிழியாமல் மெதுவாக உரித்து எடுத்துவிட்டு, மறுபடி பெட்டிக்குள் வைத்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பராசரனுக்கும்தான். ஆனால் அவன் வீட்டில் கண்ணால் பார்க்காததற்கு வார்த்தை கொடுக்கிற வழக்கமே இல்லை.

அப்போது அவன் போன் அடித்தது. அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவான். மகள் மேதா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஹெச்ஆர்.

"அப்பா, நான் வர லேட்டாகும். நீ சாப்பிட்டுடு. இங்க ஒரே களேபரம்."

"என்னம்மா ஆச்சு?"

"தண்டலம் ரூட் பஸ் காலியா வந்துது. ஒருத்தர்கூட ஏறலை. டிரைவர் பயந்துபோய் ஸ்ட்ரைக்குன்னு சொல்லிட்டார். மேனேஜ்மென்ட் மொத்தமும் கேட்டுல நிக்கறா. அப்பறம் எல்லாரும் ஆட்டோல வந்து குதிக்கறா. தனித்தனியா கூப்பிட்டுக் கேட்டா எல்லாரும் கூலி விஷயம் பேசிண்டு இருந்தோம்கறா. வெளியாள் யாராவது தூண்டி விட்டாளான்னு கேட்டா, யாரோ வெள்ளைக்காரப் பாதிரியாராம், செத்து நூறு வருஷம் ஆச்சாம். இதை நான் ரிப்போர்ட்ல எப்படிப்பா எழுதறது?"

கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. நான் மட்டும் விட்டேன், கொஞ்சம் பெரிதாகவே.

"அப்பா, நீ இன்னிக்குத் தண்டலத்துக்குத்தானே ஏதோ பழைய புஸ்தகம் பாக்கப் போறேன்னே? கன்னியப்பன் மாமாவும் கூட இருக்காரா?"

பராசரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, பெட்டிக்குள்ளிருந்து மத்தேயுவை எடுத்து ஏசுவடியான் கையில் வைத்தான்.

"லாரிக்காரன் இந்தப் பெட்டியில கை வைக்க வேண்டாம்னு சொல்லுங்கோம்மா" என்றான் கனகம்மாவிடம். "இதெல்லாம் இவருக்கு."

"அப்பா, இருக்கியா? அப்படி ஒண்ணு நிஜமாவே நடந்துதா?"

என் பக்கம் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னான்.

"நடந்துதும்மா. இவன் சொன்னபடியே, ஒரு ஆள்கூட ஏறலை."